ஜாதக மெசினுக்கு ஒரு புரொசசர்

பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே ஒடுக்கமான படிக்கட்டு ஒன்று மேலே போகிறது. கொஞ்சம் பருத்த ஆள் என்றால் பக்கவாட்டில்தான் ஏற வேண்டும். படிக்கட்டு முடிகிற இடத்தில் லூக்காஸின் கடை. கம்ப்யூட்டர், பிரிண்டர், போட்டோக் கொப்பி மெசின், எதுவானாலும் திருத்துவார். வயது ஐம்பத்தொன்று. நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த கிறிஸ்தவர், ஊர்ப் பேச்சில் வேதக்காரர். வாயைத் திறந்தால் மெசினைப் பற்றித்தான் பேசுவார். மனிதர்களைப் பற்றிக் கேட்டால், "அவங்களுக்கு ஸ்பெயார் பார்ட்ஸ் கெடைக்காதுங்க" என்று பேச்சை முடித்துவிடுவார்.

இந்த மனிதர் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் ஜாதகம் அடித்தவர் என்றால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். தொண்ணூற்றைந்தில் மாடசாமி சோதிடர் மதராசுக்குப் போய் ஒரு ஜாதகப் புரோகிராமை வாங்கி வந்தார். கூடவே கொழும்பில் ஒரு பென்டியம் கம்ப்யூட்டரும் வாங்கி, பதுளையில் கடை திறந்து, பத்து நிமிடத்தில் கம்ப்யூட்டர் ஜாதகம் என்று போர்டு போட்டுவிட்டார். அவருக்குக் கிரகம் தெரியும், கீபோர்ட் தெரியாது. வேலைக்கு வந்து சேர்ந்த லூக்காஸுக்குக் கீபோர்ட் தெரியும், கிரகம் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழுச் சோதிடர். வேதக்காரப் பையன் கையாலா ஜாதகம் என்று முகம் சுளித்தவர்களுக்கு மாடசாமி ஒரே பதில்தான் வைத்திருந்தார். "அடிக்கிறது அவன் இல்லய்யா, மெசினு."

லூக்காஸும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். நாள், நேரம், ஊர் மூன்றையும் தட்டிக் கொடுத்தால் மெசின் கணக்குப் போட்டுக் கட்டம் வரைந்து தரும். அதில் செவ்வாய் எங்கே நின்றால் அவருக்கென்ன, சனி எங்கே நின்றால் அவருக்கென்ன? மாடசாமி இறந்த பிறகு கடை மூடப்பட்டது. மெசினை லூக்காஸ் எடுத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் அதன் காற்றாடி இறுகிப்போய், புரொசசர் கருகி, மெசின் செத்தது. தூக்கி எறிய மனமில்லாமல் கடை மூலையில் வைத்து, அதன் தலையில் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிவிட்டார்.

போன ஆடியில் ஒரு மத்தியானம் விஜயலெட்சுமி அந்தப் படிக்கட்டில் ஏறி வந்தார். லூக்காஸ் பிறந்த அதே தோட்டத்துக்காரர், அவரை விட மூன்று வயது மூத்தவர். கொழுந்து பறித்தே மகளைப் படிக்க வைத்தவர். மகள் ஜெயந்தினி இப்போது தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விஜயலெட்சுமியின் கையில் ஓரத்தில் மஞ்சள் பூசிய பழைய தாள்கள் இருந்தன. புள்ளி புள்ளியாக விழுந்த அச்சைத் தூரத்தில் பார்த்தே லூக்காஸுக்குத் தெரிந்துவிட்டது, அது தன் வேலை என்று.

"இது நீ அடிச்சதுதானே தம்பி?"

"ஆமாக்கா. கீழ தேதி போட்டிருக்கு பாருங்க. தொண்ணூத்தொம்பது தை மாசம்."

"அப்ப என்னய ஏன் கள்ளிங்கிறாங்க?" என்று கேட்டவர், முக்காலியில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார்.

அழுகைக்கு நடுவே கதை வந்தது. தாளில் இருக்கிறபடி ஜெயந்தினிக்குக் கும்ப லக்கினம், எட்டாம் இடத்தில் செவ்வாய். அதாவது செவ்வாய் தோஷம். தோஷம் உள்ள பெண்ணுக்குத் தோஷம் உள்ள மாப்பிள்ளைதான் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தோஷமில்லாத பக்கத்து உயிருக்கு ஆகாது என்பது ஊர் நம்பிக்கை. இதனாலேயே நாலு வருஷமாக வந்த சம்பந்தமெல்லாம் வாசலோடு திரும்பிப் போயின. கடைசியில் அப்புத்தளையிலிருந்து சுரேஸ் என்று ஒரு பையன் அமைந்தான். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலை. அவனுக்கும் செவ்வாய் தோஷம். அம்மன் கோயிலில் பூ வைத்து நிச்சயமும் ஆயிற்று. பையனும் பெண்ணும் போனில் பேசத் தொடங்கி ஒருவருக்கொருவர் பிடித்தும் போயிற்று. அந்த நேரம் பார்த்து, சுரேஸின் தங்கை விளையாட்டாகப் போனில் ஜாதகம் பார்க்கிற ஆப் ஒன்றில் ஜெயந்தினியின் பிறந்த நாளையும் நேரத்தையும் போட்டுப் பார்த்திருக்கிறாள். அது மகர லக்கினம் என்றது. மகரத்துக்கு அந்தச் செவ்வாய் ஒன்பதாம் இடம். தோஷமே இல்லை.

"எங்க பையன் சாதகத்துக்குப் பொருந்துற மாதிரி பொய்ச் சாதகம் எழுதிக்கிட்டு வந்துட்டீங்கன்னு வீரசிங்கம் சொல்லிட்டாரு தம்பி. சம்பந்தின்னு கூப்பிட்ட வாயால சொன்னாரு." வீரசிங்கம் என்பது பையனின் அப்பா. "பொம்பளப் புள்ளக்கித் தோசம் இல்லாம இவுங்க பையனக் கட்டிவச்சு, நாளைக்கு அந்தப் புள்ளக்கி ஒண்ணுன்னா பழி யார் தலையிலன்னு கேக்குறாரு. தீவாளிக்குள்ள இது நெசந்தான்னு காட்டுங்க, இல்லாட்டி பூவத் திருப்பிக் குடுத்துருவோங்கிறாரு. பதுளையில சாதகம் அடிச்சவன் ஒரு வேதக்காரன், உங்க தோட்டத்தான், நீங்க சொன்னத அடிச்சுக் குடுத்திருப்பான்னு வேற பேச்சு."

கடைசி வாக்கியம் லூக்காஸுக்குச் சுருக்கென்று தைத்தது. ஜாதகத்தை அவர் நம்பவில்லை, சரி. ஆனால் அவர் கையால் ஒரு எழுத்தைக்கூட மாற்றி அடித்தவரில்லை. கட்டுக் கட்டாகக் காசு கொடுத்து நட்சத்திரத்தை மாற்றித் தரச் சொன்னவர்களையெல்லாம் படியிறக்கி விட்டவர்.

"அழாதீங்கக்கா. அந்த மெசின் இங்கதான் இருக்கு. அவங்கள இங்கயே கூட்டிக்கிட்டு வாங்க. அவங்க கண்ணு முன்னால அதே மெசினு அதே சாதகத்த அடிச்சுக் குடுக்கும்."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் மெசின் செத்துக் கிடப்பது ஞாபகம் வந்தது.

முதல் வேலையாகக் கோப்பைகளை இறக்கி வைத்து, பெட்டியைத் திறந்து தூசி தட்டினார். நல்லவேளை, ஹார்ட் டிஸ்க் சுழன்றது. அதை உடனே நகலெடுத்து வைத்துக்கொண்டார். புதிய கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். லூக்காஸ் அதையும் செய்து பார்க்காமல் இல்லை. ஆனால் மதராஸ்காரர்கள் விவரமானவர்கள். புரோகிராமைக் களவெடுக்கக் கூடாது என்று பிரிண்டர் வயர் மாட்டும் இடத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு பூட்டுக் கொடுத்திருந்தார்கள். பழைய மெசினைப் போல நடிக்கிற மென்பொருளுக்கு அந்தப் பூட்டு மசியவில்லை. பூட்டை மாட்டுகிற மாதிரியான, ஒரு பத்து வருஷம் பிந்திய மெசினில் போட்டாலோ புரோகிராம் தொடங்கும்போதே பிழை காட்டி நின்றது. அந்தக் காலத்துப் புரோகிராம் மெசினின் வேகத்தை அளந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். இந்த வேகத்தை அளக்க அதன் கணக்குக்குத் தெம்பில்லை.

ஆக, அந்தப் பழைய மதர்போர்டில் உட்காருகிற பழைய புரொசசரே வேண்டும். அதிலும் எல்லாம் உட்காராது. பின் என்கிற ஊசிக்கால் இருநூற்றுத் தொண்ணூற்றாறு உள்ள, பீங்கானில் செய்த பென்டியமாக இருக்க வேண்டும். அந்தப் போர்டு கொடுக்கிற மின்சாரம் மூன்றரை வோல்ட்டுக்குக் கிட்ட. அதற்குப் பின்னால் வந்த பென்டியம் பார்வைக்கு அச்சு அசல் அப்படியே இருந்தாலும் மூன்று வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் குடிக்கும். தெரியாமல் மாட்டினால் வெந்துவிடும். தோஷம் பார்க்காமல் கட்டி வைப்பது மாதிரித்தான் என்று லூக்காஸுக்கே தோன்றிச் சிரிப்பு வந்தது.

முதலில் நிஸாம் நானாவிடம் போனார். பழைய இரும்பு, பழைய கம்ப்யூட்டர் வாங்குகிற ஆள். பதுளைப் பக்கத்து ஒப்பீசுகளில் சாகிற கம்ப்யூட்டரெல்லாம் கடைசியில் வந்து சேருகிற இடம் அவருடைய கொட்டில்தான். நிஸாம் ஒரு சாக்கை அவிழ்த்துத் தரையில் கொட்டினார். நூறு புரொசசராவது இருக்கும்.

"பீங்கான்ல செஞ்சது ஏதும் இருக்கா நானா?"

"பீங்கானா? அதுல தங்கம் இருக்கே, லூக்காஸ். அதெல்லாம் கொழும்புக்குப் போய் உருக்கியாச்சு. மிச்சம் இதுதான்."

மிச்சத்தைக் கிளறியதில், அளவில் சிறிய இன்னும் பழைய வகை நாலைந்து கிடைத்தது, போர்டில் உட்காராது. பின்னால் வந்த வகை ஒரு கூடை இருந்தது, வேகம் கூடியது. வேண்டியது மட்டும் இல்லை. நிஸாம் தன் சாவிக் கொத்தை எடுத்து ஆட்டினார். அதில் பொன்னிறமாக ஒரு பென்டியம் தொங்கியது. லூக்காஸ் கையை நீட்டினார். வாங்கித் திருப்பிப் பார்த்தார். மூலையில் ஓட்டை போட்டு வளையம் மாட்டியிருந்தது. கால் வாசிப் பின்களை, சட்டைப் பையைக் கிழிக்கிறது என்று நிஸாம் குறட்டால் வெட்டியிருந்தார். அழகாகத்தான் இருந்தது, பிணத்துக்குப் பொட்டு வைத்த மாதிரி.

அடுத்தது இணையம். சீனாவில் ஒரு கடைக்காரர் படம் போட்டிருந்தார், சரியான எண். காசு கட்டிவிட்டு ஐந்து வாரம் காத்திருந்தார். இதற்குள் விஜயலெட்சுமி மூன்று தரம் போன் பண்ணிவிட்டார். பொதி வந்தது. உள்ளே படத்தில் இருந்தது இல்லை, குறைந்த வோல்ட்டு வகை. கடைக்காரரிடம் கேட்டால், அதைவிட நல்லது அனுப்பியிருக்கிறேன், இது வேகம் கூட, நீங்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பதில் வந்தது. லூக்காஸ் அதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது பண்டாரவளைக்கு ஒரு பிரிண்டர் திருத்தப் போனார். போன இடத்தில்தான் ஸுபைரா டீச்சரின் நினைப்பு வந்தது. தொண்ணூற்றேழில் அந்த ஊரில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தியவர். இப்போது அதே வீட்டில் தையல் வகுப்பு நடத்துகிறார். லூக்காஸ் போனபோது வகுப்பு முடிந்திருந்தது. மேசைக்கடியில் ஒரு பழைய பெட்டி, அதன் மேல் டீச்சரின் கால்.

"டீச்சர், அது பழைய பென்டியமா?"

"மத்ததெல்லாம் போட்டுட்டேன். இது மட்டும் உயரம் தோதா இருந்துச்சு, கால் வைக்க."

திறந்து பார்த்தார். பழைய வகைப் பென்டியம், நூற்று முப்பத்துமூன்று. வோல்ட்டும் சரி. வயரைக் கொண்டுவந்து செருகிப் பார்த்தால், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிசையாக வந்தது. இருபது வருஷம் காலுக்குக் கீழே கிடந்த மெசின் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து நின்றது.

"ஓடுதே!" என்றார் ஸுபைரா டீச்சர், சந்தோஷத்தோடு. அப்புறம் லூக்காஸின் முகத்தைப் பார்த்தார். "ஓடுறதக் கழட்டவா வந்தீங்க?"

"ஒரு கலியாண விசயம் டீச்சர். இது இல்லேன்னா நின்னுரும்."

கம்ப்யூட்டருக்கும் கலியாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. தன் மகள்கள் மூன்று பேரையும் கட்டிக் கொடுத்தவர். "அப்ப கழட்டுங்க," என்றார். "பெட்டிய மட்டும் வெச்சிட்டுப் போங்க, கால் வைக்க வேணும்."

அவசரத்தில் கழற்றும்போது இரண்டு பின் வளைந்துவிட்டது. லூக்காஸ் கடைக்கு வந்து, கூரில்லாத கிளிக் பென்சிலின் முனையை ஒவ்வொரு பின்னிலும் மாட்டி, மூச்சுக் காட்டாமல் நிமிர்த்தினார். ஒன்று ஒடிந்தாலும் மூன்று மாதப் பாடு போச்சு. ஒடியவில்லை. போர்டில் பொருத்தி, வேகத்தைக் குறிக்கிற குட்டி ஜம்பரை மாற்றிக் குத்தி, புதுக் காற்றாடி போட்டு, சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு சுவிட்சைத் தட்டினார். மெசின் ஒரு தரம் பீப் என்றது. பூட்டு ஒப்புக்கொண்டது. பிள்ளையார் படத்தோடு மாடசாமியின் கடைப் பெயர் திரையில் வந்தபோது லூக்காஸ் கையைத் தட்டிவிட்டார். கடையில் வேறு யாரும் இல்லை.

ஜெயந்தினியின் பெயரைத் தேடி எடுத்தார். கும்ப லக்கினம், எட்டில் செவ்வாய். தாளில் இருந்தது புள்ளி பிசகாமல் இருந்தது. அப்பாடா என்று சாய்ந்தவர், பதிவின் மற்ற விவரங்களையும் பார்த்தார். அச்சில் வராத விவரங்கள் இரண்டு அதில் உண்டு. பிறந்த இடம் என்ற வரியில் பதுளை ஆஸ்பத்திரி என்று இருந்தது. கீழே குறிப்பு வரியில் 'தோ' என்ற ஒற்றை எழுத்து.

அதைப் பார்த்ததும் லூக்காஸ் நாற்காலியைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

தொண்ணூற்றாறில் நாட்டின் கடிகாரத்தை முன்னே தள்ளினார்கள். முதலில் ஒரு மணி நேரம், பிறகு அதைக் குறைத்து அரை மணி. அந்த அரை மணி இரண்டாயிரத்து ஆறு சித்திரை வரை நீடித்தது. டவுனில் எல்லோரும் புது நேரத்துக்கு மாறிவிட்டார்கள். ஆனால் லூக்காஸின் தோட்டத்தில் புது நேரப்படி, காலையில் வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டுக்குக் கூப்பிட்டால் இருட்டாக இருக்கிறதென்று, தோட்டத்து மேலாளரான தொரை சங்கைப் பழைய நேரத்துக்கே ஊதச் சொல்லிவிட்டார். சுற்றியுள்ள தோட்டங்களிலும் அதே கதைதான். வேலை, சாப்பாடு, சாவு, பிறப்பு எல்லாம் அங்கே பழைய நேரம். மதராஸ் புரோகிராமுக்கோ பழைய நேரம் மட்டும்தான் தெரியும். அதனால் மாடசாமி ஒரு விதி வைத்திருந்தார். டவுன்காரர் நேரம் சொன்னால் அரை மணியைக் கழித்துப் போடு. தோட்டத்துக்காரர் சொன்னால் அப்படியே போட்டு, அடையாளத்துக்குத் 'தோ' என்று குறித்துவை.

விஜயலெட்சுமி தோட்டத்துக்காரர். அதிலும் சொந்தத் தோட்டத்து அக்கா. காலை பதினொரு மணி என்றார். லூக்காஸ் இரண்டாம் பேச்சில்லாமல் பதினொன்று என்று தட்டி, 'தோ' போட்டுவிட்டார். தோட்டத்து நேரம் எப்படியென்று எனக்கா தெரியாது என்ற பெருமை வேறு. ஆனால் பிள்ளை பிறந்தது ஆஸ்பத்திரியில். விஜயலெட்சுமி சொன்னது ஆஸ்பத்திரித் துண்டில் எழுதியிருந்த நேரம், டவுன் நேரம். உண்மையான நேரம் பத்தரை. பத்தரைக்கு மகர லக்கினம். தோஷம் இல்லை. அந்த அரை மணிக் கணக்குத் தெரிந்த போன் ஆப் சொன்னதுதான் சரி.

அன்றைக்குச் சாயந்தரம் முழுவதும் லூக்காஸ் மெசினில் தேடினார். 'தோ' என்று குறித்து, பிறந்த இடம் ஆஸ்பத்திரி என்று போட்ட பதிவுகள் அறுபத்தொன்று இருந்தன. அதில் லக்கினமே மாறிப்போனது பதினான்கு.

சனிக்கிழமை ஜெயந்தினிக்கு மேலதிக வகுப்பு இருந்தது. லூக்காஸ் பள்ளிக்கூடத்துக்கே போய், பிள்ளைகள் கலையும்வரை வாசலில் நின்றார். தாயிடம் சொல்ல அவருக்குத் தைரியமில்லை. மகளிடம் சொன்னார். அவள் கரும்பலகை ஓரமாக நின்று குறுக்கே பேசாமல் கேட்டாள். கணக்கு டீச்சர் என்பதால் இரண்டாவது தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்ப எனக்குத் தோசமே இல்ல."

"இல்ல தாயி. என் தப்பு. ஒரு வார்த்த, எந்த நேரம்னு கேட்டிருக்கணும். கேக்கல."

"மொதல்ல வந்தவரு பேரு ஜீவன்," என்றாள் ஜெயந்தினி. "எங்க கூடப் படிச்சவரு. எனக்குப் புடிச்சிருந்துச்சு மாமா. தோசம்னு அவுங்க வீட்ல போயிட்டாங்க. இப்ப அவருக்கு ஒரு கொழந்த இருக்கு."

லூக்காஸால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பலகையில் அழிக்காமல் கிடந்த பின்னக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கக்கெழம அவுங்க கடைக்கு வர்றாங்க," என்றார் கடைசியில். "நான் உள்ளத உள்ளபடி சொல்லிர்றேன். நீங்க ஏமாத்தல, நான்தான் பிழ விட்டேன்னு. உங்கம்மா பேரு சுத்தமாயிரும்."

"அம்மா பேரு சுத்தமாயிரும். கலியாணம்?"

பையனுக்குத் தோஷம், பெண்ணுக்கு இல்லை என்று தெரிந்தால் வீரசிங்கமும் எழுந்து போவார், விஜயலெட்சுமியும் விடமாட்டார். பெற்ற பிள்ளையின் உயிர் என்று அலறுவார்.

"நீங்க இதெல்லாம் நம்புறீங்களா மாமா?"

"நான் வேதக்காரன்."

"அது இல்ல. நம்புறீங்களா?"

"இல்ல தாயி."

"நானும் நம்பல. அப்ப யாருக்கு என்னா வந்துருச்சு? பழையபடி பதினொரு மணியப் போட்டு அடிச்சுக் குடுங்க."

"அவுங்க என்னையக் கள்ளன்னு சொல்லிட்டாங்க. நான் அப்படி இல்லேன்னு காட்டத்தான் இந்த மெசின எழுப்பினேன். இப்பத் தெரிஞ்சே பொய்ய அடிக்கச் சொல்றியே."

ஜெயந்தினிக்குக் கோபம் வந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்ததுதான். "தெரியாம நீங்க அடிச்சதுல எனக்கு நாலு வருசம் போச்சு. தெரிஞ்சு அடிக்கிறதுல ஒரு தாள்தான் போகும். சுரேஸ எனக்குப் புடிச்சிருக்கு. அவரையும் இந்தச் செவ்வாயக் காட்டி அனுப்பிட்டு நான் என்னா செய்ய? மத்த பதிமூணு பேருக்கும் போயிச் சொல்லுங்க, கட்டாயம் சொல்லுங்க. எனக்கு வேணாம்."

அவள் துடைப்பானை எடுத்துப் பலகையை அழிக்கத் தொடங்கினாள். லூக்காஸ் பஸ்ஸுக்கு நடந்தார்.

திங்கட்கிழமை காலை அந்த ஒடுக்கமான படிக்கட்டில் ஐந்து பேர் ஏறி வந்தார்கள். வீரசிங்கம் வெள்ளை வேட்டி கட்டிய கனத்த மனிதர், தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்ந்தவர், பேச்சிலும் அந்த அதிகாரம் குறையவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெசினைச் சுற்றிப் பார்த்தார். லூக்காஸ் பிறந்த நாளைத் தட்டினார். நேரம் என்று கேட்ட இடத்தில் விரல் ஒரு கணம் நின்றது. பதினொன்று என்று தட்டினார். பிரிண்டர் கறகறவென்று இழுத்து இழுத்து அடித்தது. எல்லோரும் கும்பாபிஷேகம் பார்க்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வீரசிங்கம் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்து, கட்டம் கட்டமாக விரலை ஓட்டினார். ஒரு எழுத்து மாறவில்லை.

"போனுல வேற மாதிரி காட்டுதே, தம்பி?"

"போனுல ஆளுக்கொரு மாதிரி காட்டும்ணே."

"நேரமெல்லாம் சரியாத்தானே போட்டது?"

விஜயலெட்சுமி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு லூக்காஸையே பார்த்தார்.

"சரியாத்தான்," என்றார் லூக்காஸ்.

வீரசிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். எல்லோர் முன்னிலும் விஜயலெட்சுமியைப் பார்த்து, "நான் பேசுனது தப்புங்க சம்பந்தி, மனசுல வச்சுக்காதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு திரும்பி லூக்காஸையும் கும்பிட்டார். விஜயலெட்சுமி அழுதுகொண்டே லூக்காஸின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எம் புள்ள வாழ்க்கையக் காப்பாத்திக் குடுத்துட்ட தம்பி. ஓங் கையில பொய் வராதுன்னு எனக்குத் தெரியும்." லூக்காஸுக்கு அந்தக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

கலியாணம் தை மாதம் அப்புத்தளையில் நடந்தது. லூக்காஸ் போயிருந்தார், நன்றாகச் சாப்பிட்டார், போட்டோவுக்கும் நின்றார். அதற்குள் மற்றப் பதிமூன்று பேரில் ஒன்பது பேரைத் தேடிப் போய் உள்ளதைச் சொல்லிவிட்டிருந்தார். இரண்டு வீட்டில் திட்டு வாங்கினார். ஒரு வீட்டில் தேநீர் கிடைத்தது. மிச்ச நாலு பேர் மத்திய கிழக்கிலோ கொழும்பிலோ இருக்கிறார்கள், அவர்களையும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

கலியாணத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்ததும் லூக்காஸ் ஃபாதரின் அறைக்குப் போய், ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்றார். ஃபாதர் நோட்டுக் கொப்பியை விரித்தார்.

"யார் பேருக்கு?"

"ஜெயந்தினின்னு ஒரு புள்ள. நம்ம சபை இல்ல ஃபாதர், இந்துப் புள்ள."

"அதனால என்ன. என்ன கருத்துக்கு?"

"நீண்ட ஆயுசுக்கு."

ஃபாதர் எழுதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "ஐயோ, புள்ளக்கி என்ன சுகமில்லியா?"

"இல்ல ஃபாதர், நல்லா இருக்குது," என்றார் லூக்காஸ். கதவு வரை போய்த் திரும்பி வந்து, "மாசா மாசம் ஒண்ணு வைக்க முடியுமா?" என்று கேட்டார்.